சின்னப்பம்பட்டிக்குப் போய் வந்தோம்

உறையூர்,
திருச்சிராப்பள்ளி.

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் நலம். அங்கு உன் நலத்தையும் மாப்பிள்ளையின் நலத்தையும் அறிய ஆவல்.

நிற்க. அடிப்பவன் காலடியில் பந்தை இறக்கும் யார்க்கருக்குப் பேர்போன கிரிக்கெட் வீரர் நடராஜனின் ஊர், போய்ப் பாருங்கள், போய்ப் பாருங்கள் என்று நீ வெகு நாட்களாகச் சொல்லிக்கொண்டிருந்த சின்னப்பம்பட்டிக்கு, நாங்கள் நால்வரும் சென்ற சனிக்கிழமை போய் வந்துவிட்டோம். தொலைபேசியிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் அழைத்தபோதெல்லாம் ‘மீட்டிங்’ என்று ஒற்றைச் சொல்லில் உன்னிடமிருந்து செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு என்ன கூட்டம் என்று அம்மா கேட்டாள். பெரிய பொறுப்புக்குப் போய்விட்டவர்களுக்கு ஞாயிறு, திங்கள் என்ற வேறுபாடு கிடையாது என்று நானே ஒரு விடையைத் தயாரித்துக் கொடுத்தேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை; சமையலறைக்குள் போய்விட்டாள். கடிதமென்றால் உனக்கு ஓய்வு கிடைக்கும்போது படித்துக்கொள்ளலாம், உடனே பதில் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

வண்டி மருந்துக்கடை மாமாவுடையது. அதே பழைய ஆம்னிதான். எல்.ஐ.சி. மாமா முன்னிருக்கையில், நானும் போஸ்ட்மாஸ்டர் மாமாவும் பின்னால். புறப்படும் முன்பே ஒரு தகராறு. எல்.ஐ.சி. மாமா எங்களிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், “யார்க்கர் மன்னன் பிறந்த மண்ணை நோக்கி உறையூர் மூத்த குடிமக்கள்” என்று ஒரு பிளெக்ஸ் பதாகை அடித்துக்கொண்டு வந்து வண்டியின் பின்கண்ணாடியில் கட்டிவிட்டார். அதில் நடராஜனின் படத்தைவிட அவருடைய படம் சற்றுப் பெரிதாக இருந்தது. இருபது ஓவர் ஆட்டத்தைக் கிரிக்கெட் என்றே ஒப்புக்கொள்ளாத போஸ்ட்மாஸ்டர் மாமா, இந்தப் பதாகையோடு தாம் வர முடியாது என்று இறங்கி நின்றார். அந்த ஆள் ஊரில் இருக்கிறாரா என்பதே தெரியாமல் நூற்றைம்பது கிலோமீட்டர் போவது அறிவுடைய செயலா என்றும் கேட்டார். ஸ்ரீரங்கத்துக்குப் போனால் பெருமாள் எழுந்து வந்து கை கொடுக்கிறாரா, நாம் போகாமல் இருக்கிறோமா என்று மருந்துக்கடை மாமா திருப்பிக் கேட்டதும், மனிதர் பேசாமல் ஏறிக்கொண்டார்.

காவிரியைத் தாண்டி முசிறி, தொட்டியம் வழியாகப் போனோம். ஆறு இடப்பக்கம் கூடவே வந்தது. வைத்தீஸ்வரன்கோவில் பயணத்தில் நீ ஜன்னலோர இருக்கைக்காகச் செய்த அமர்க்களத்தை மருந்துக்கடை மாமா அப்படியே நடித்துக் காட்டினார். அவருக்கு அது இன்னும் ஒரு சொல் மாறாமல் நினைவிருக்கிறது. நாமக்கல்லில் கூரையில்லாமல் நிற்கும் பதினெட்டு அடி ஆஞ்சநேயரைக் கும்பிட்டுவிட்டு, அம்மா கட்டிக் கொடுத்த புளியோதரையைச் சாப்பிட்டோம். நால்வருக்குக் கட்டச் சொன்னால் அவள் எட்டுப் பேருக்குக் கட்டியிருந்தாள். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? வேலை முடிந்து வந்து, ஒருத்திக்காக எதற்கு அடுப்பு மூட்டுவது என்று ரொட்டியோடு படுத்துவிடாதே. ஒருத்தி என்று எழுதிவிட்டேன்; மாப்பிள்ளை வெளியூர் போகும் நாட்களைச் சொல்கிறேன்.

திருச்செங்கோட்டு மலைக்கு வண்டியிலேயே ஏறி, அர்த்தநாரீஸ்வரரைத் தரிசித்தோம். உங்கள் இருவர் பெயருக்கும் அர்ச்சனை செய்யச் சொல்லி அம்மா பணம் கொடுத்து அனுப்பியிருந்தாள். அர்ச்சகர் நட்சத்திரம் கேட்டபோது உன்னுடையதைச் சொன்னேன். மாப்பிள்ளையின் நட்சத்திரம் எனக்கு நன்றாகத் தெரியும், உன் சாதகத்தோடு பொருத்தம் பார்த்தவனே நான்தானே. ஆயினும் அந்த நேரத்தில் அது நாவில் வரவில்லை. அடிவாரத்தில் தேநீர் குடிக்கும்போது, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி ஓட்டுநர் ஒருவரைப் பார்த்தோம். அந்த ஊர் ரிக் வண்டிகள் இந்தியா முழுவதும் போய் வருகின்றன என்பது உனக்குத் தெரிந்ததே. இவர் தெலங்கானாவிலிருந்து முந்திய நாள்தான் திரும்பியிருந்தார். ஹைதராபாத்தில் இப்போது குளிர் எப்படி, தனியாக இருக்கும் பெண்பிள்ளைகளுக்கு ஊர் பாதுகாப்பானதா என்று நான் கேட்கத் தொடங்கிவிட்டேன். தமக்கு வேலை நல்கொண்டாவில் ஒரு புளியந்தோப்புக்குள் நடந்ததாகவும் ஹைதராபாத்தைப் பலகையில் எழுதியிருந்ததை மட்டும் பார்த்ததாகவும் அவர் சொன்னார். எல்.ஐ.சி. மாமா என்னை ஒருமுறை பார்த்தார்; ஒன்றும் கேட்கவில்லை.

சங்ககிரியில் திரும்பியபின் பதாகையால் அடுத்த வேடிக்கை. கொங்கணாபுரம் சாலை எடப்பாடிப் பக்கத்துச் சாலையல்லவா? கொடியும் பதாகையும் கட்டிய வண்டியென்றால் அங்குள்ளவர்கள் வேறு விதமாகத்தான் நினைப்பார்கள். பெட்டிக்கடைக்காரர் ஒருவர், எந்த ஊர்க் கிளை, கூட்டம் எங்கே என்று விசாரித்தார். கிரிக்கெட் என்று மாமா விளக்கியதும், “நம்ம நட்டுவுக்கா?” என்று கேட்டுவிட்டு, சோடாவுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். பதாகையைப் பற்றிப் போஸ்ட்மாஸ்டர் மாமா கொண்டிருந்த கருத்து அந்தச் சோடாவுக்குப் பிறகு கணிசமாக மாறியது.

கொங்கணாபுரத்தில் பருத்தி ஏலம் நடக்கும் கூட்டுறவுச் சங்கத்தைத் தாண்டிச் சற்று நேரத்தில் சின்னப்பம்பட்டி வந்துவிட்டது. நீ தொலைக்காட்சியில் பார்த்து என்னவெல்லாம் கற்பனை செய்து வைத்திருக்கிறாயோ தெரியாது. தறிச் சத்தம், தேநீர்க் கடை, மளிகைக் கடை, பேருந்துக்காக நிற்கும் பள்ளிப் பிள்ளைகள். சேலம் மாவட்டத்தில் எந்த ஊரிலும் காணக்கூடியவை. தந்தை தறிக்கூடத்தில் கூலி வேலை, தாய் சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை, ஐந்து பிள்ளைகளில் இவர் மூத்தவர் என்று நீ சொல்வாயே, அதை உறையூரில் உட்கார்ந்து கேட்டபோது ஒரு கதைபோல இருந்தது. அந்தச் சாலையில் நின்று பார்த்தபோதுதான், இங்கிருந்து அவர் டெஸ்ட் ஆடிய ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் எவ்வளவு தூரம் என்பது எனக்கு உறைத்தது.

இந்த விஷயங்களில் நீதான் எங்கள் நால்வருக்கும் ஆசிரியை. 2016இல், தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் திண்டுக்கல் அணிக்காக ஒரு பையன், ஆட்டம் சமனானதும் வெற்றியை முடிவு செய்யப் போடும் சூப்பர் ஓவரில் ஆறு பந்துகளையும் யார்க்கராகப் போட்டான் என்று நீ கூடத்தில் குதித்தாய். அவனும் இடக்கை, நீயும் இடக்கை என்பதால் உண்டான பாசம் என்று அம்மா சொன்னாள். இடக்கையால் எறிந்து நீ உடைத்த கண்ணாடி விவகாரம் வேண்டாம். அந்த வீட்டுக்காரர் இப்போது நம்மோடு நன்றாகப் பேசுகிறார். டென்னிஸ் பந்து இலேசானது, அதைச் சற்றுக் குறைத்துப் போட்டால் மெதுவாக எழும்பி அடிப்பவன் மட்டைக்குத் தோதாக வந்து நிற்கும், அதனால் அந்தப் பந்திலேயே வளர்ந்தவர்கள் காலடியில் இறக்கப் பழகிக்கொள்கிறார்கள் என்று நீ எனக்கு விளக்கியதை, நான் அந்த ஊர்த் தேநீர்க் கடையில் என் சொந்தச் சரக்கைப்போல எடுத்துவிட்டேன். கேட்டவர்கள் மரியாதையோடு தலையாட்டினார்கள். அவர்களுக்கு அது பால் குடிக்கும் வயதிலேயே தெரிந்திருக்கும்.

நடராஜன் தம் ஊரிலேயே அமைத்த மைதானத்தைப் பார்த்தோம். 2023 ஜூன் மாதம் தினேஷ் கார்த்திக் வந்து திறந்து வைத்தாரே, அதுதான். நடுவில் நான்கு ஆடுகளங்கள், பயிற்சிக்கு இரண்டு, உடற்பயிற்சிக் கூடம், பார்வையாளர்கள் உட்காரச் சிறிய மாடம். இவ்வளவு சம்பாதித்த ஒருவர் சென்னையிலோ கோவையிலோ இடம் வாங்கிப் போட்டிருந்தால் பத்திரச் செலவு போக இன்றைக்கு எத்தனை மடங்கு ஆகியிருக்கும் என்று, பத்திரப் பதிவு அலுவலகத்தில் காலம் கழித்த என் புத்தி கணக்குப் போட்டது. அந்தக் கணக்கு அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

மைதானத்துக்கு அருகே வெற்றிடம் ஒன்றில் சிறுவர்கள் டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். இங்கேதான் எங்கள் பயணத்தின் உச்சம். ஆளுக்கு ஒரு பந்து யார்க்கர் போட வேண்டும், குறி தவறுபவர் அனைவருக்கும் இரவுச் சாப்பாடு வாங்கித் தர வேண்டும் என்று எல்.ஐ.சி. மாமா பந்தயம் கட்டினார். அவர் போட்ட பந்து இரண்டு முறை தரையில் குதித்துவிட்டு, அடிப்பவனிடம் போய்ச் சேராமலேயே நின்றுவிட்டது. மருந்துக்கடை மாமாவின் பந்து ஒரு பசுமாட்டைத் தேடிப் போயிற்று. என்னுடையதைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றுமில்லை. பன்னிரண்டு வயதுப் பையன் அதை அடித்த இடத்திலிருந்து எடுத்து வர வெகு நேரமாயிற்று. கடைசியாக, கால்சட்டை மடிப்புக் கலையாமல் நான்கே எட்டு நடந்து வந்து போஸ்ட்மாஸ்டர் மாமா போட்ட பந்து, அந்தப் பையனின் மட்டைக்கடியில் புகுந்து குச்சியைச் சாய்த்துவிட்டது. இருபது ஓவர் ஆட்டத்தை இத்தனை காலமும் இகழ்ந்து வந்த மனிதர் அது! சிறுவர்கள் அவரைத் தூக்க வந்தார்கள். தூக்குவதற்கு முன்பே இடுப்பு பிடித்துக்கொண்டது. திரும்பி வரும் வழியெல்லாம் அவரை நடு இருக்கையில் நீட்டிப் படுக்க வைத்து, நான் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு வந்தேன். படுத்தபடியே அவர், யார்க்கரில் மணிக்கட்டின் பங்கு என்ன என்று எங்களுக்குப் பாடம் நடத்தினார். இன்னும் நடத்திக்கொண்டிருக்கிறார்.

இதைப் படித்து நீ சிரித்திருப்பாய் என்று நினைக்கிறேன். நீ சிரித்து வெகு நாளாயிற்று என்று அம்மா சொல்கிறாள். தொலைபேசியில் சிரித்ததைச் சொல்கிறாள். இரவில் கதவைத் தாழிட்டபின் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் படு. அடுக்குமாடிக் கட்டடம், காவலாளி இருக்கிறார் என்றெல்லாம் நினைத்து அலட்சியமாக இருக்காதே.

ஊரார் பேச்சில் எனக்குப் பிடித்த ஒன்றை எழுத வேண்டும். அந்த ஊரில் நடராஜனை வாழ்த்துபவர்கள் அதே மூச்சில் ஜெயப்பிரகாஷ் அண்ணன் பெயரையும் சொல்லிவிடுகிறார்கள். நடராஜன் தம் சட்டையில் ‘ஜேபி நட்டு’ என்று போட்டுக்கொண்டது அவருக்காகத்தான் என்று நீ முன்பே சொல்லியிருக்கிறாய். டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்த பையனைச் சென்னைக்கு அனுப்பி, கிளப் ஆட்டங்களில் சேர வழி காட்டியவர். 2015 சனவரியில் வங்காளத்துக்கு எதிராக ரஞ்சிக் கோப்பையில் நடராஜன் முதன்முதலாக இறங்கினார்; இறங்கிய கையோடு, பந்து வீசும் முறையில் ஐயம் இருக்கிறது என்று நடுவர்கள் எழுதிவிட்டார்கள். கை மடங்குகிறது என்றால் பந்து வீச்சாளனுக்கு அதைவிடப் பெரிய அவப்பெயர் உண்டா? தமிழ்நாட்டுக்காக ஆடப் போன பையன் என்று ஊரே கொண்டாடியிருந்த நேரம் அது. பிறகு சுனில் சுப்பிரமணியம் போன்ற பயிற்சியாளர்களின் உதவியோடு கையைத் திருத்திக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கி, 2016இல் அந்த ஆறு யார்க்கர்களோடு வெளியே வந்தார். இடைப்பட்ட ஓராண்டில் அவர் இதே தெருவில்தானே நடந்திருப்பார், இதே கடையில்தானே தேநீர் குடித்திருப்பார்? அப்போது அவரிடம் யாரும் காரணம் கேட்டுத் துளைக்காமல் இருந்திருந்தால், இந்த ஊரை நான் இன்னும் ஒருமுறை கும்பிடுவேன்.

அத்தோடும் முடியவில்லையே. 2017இல் ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி மூன்று கோடிக்கு எடுத்தது. ஆறு ஆட்டங்களோடு சரி. மறு ஆண்டு ஹைதராபாத் நாற்பது இலட்சத்துக்கு எடுத்தது. மூன்று கோடியிலிருந்து நாற்பது இலட்சத்துக்கு இறங்கியவனை உலகம் என்ன சொல்லும் என்று உனக்குத் தெரியும். 2018, 2019 இரண்டு ஆண்டுகளும் ஓர் ஆட்டத்தில்கூட அவரை இறக்கவில்லை. 2020இல் ஐக்கிய அரபு நாட்டில் இறக்கினார்கள். அபுதாபியில் தென்னாப்பிரிக்க அதிரடி ஆட்டக்காரர் டிவில்லியர்ஸின் குச்சியை அந்த யார்க்கர் சாய்த்தபோது, நீ அன்றிரவு என்னை அழைத்து “அப்பா, பார்த்தீங்களா, பார்த்தீங்களா” என்று கத்தினாய். மாப்பிள்ளையும் பக்கத்தில் கத்தினார். பயிற்சியில் மட்டும் பந்து போடும் வலைப் பந்து வீச்சாளராக ஆஸ்திரேலியாவுக்குப் போனவர், ஒவ்வொருவராகக் காயப்பட்டு விலக விலக, கான்பெராவில் ஒருநாள் ஆட்டம், அதே கான்பெராவில் இருபது ஓவர் ஆட்டம், 2021 சனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆட்டம் என்று மூன்றிலும் ஒரே சுற்றுப்பயணத்தில் அறிமுகமானார். இந்தியர்களில் அதற்கு முன் யாருக்கும் அது வாய்த்ததில்லை. இந்தியாவின் 300ஆவது டெஸ்ட் வீரர் சின்னப்பம்பட்டிக்காரர் என்ற செய்தியைப் போஸ்ட்மாஸ்டர் மாமாவே வெட்டி நாட்குறிப்பில் ஒட்டி வைத்திருக்கிறார், வெளியே சொல்லமாட்டார். 1988க்குப் பிறகு ஆஸ்திரேலியா தோற்றிராத பிரிஸ்பேனின் அந்தக் காபா மைதானத்தில் நாம் வென்றோம். இவரைக் குதிரை பூட்டிய தேரில் வைத்து இந்தத் தெருவில்தான் இழுத்து வந்தார்கள். தேர் போன வழியில் எங்கள் ஆம்னியும் ஒரு சுற்று வந்தது. ஒரு நாயைத் தவிர வேறு யாரும் எங்களை வரவேற்கவில்லை.

நீங்கள் இருவரும் ஹைதராபாத் அணியின் ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு அந்த ஊர் உப்பல் மைதானத்தில் எடுத்த படம் நம் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. அவர் பத்தொன்பது விக்கெட் எடுத்து, ஹைதராபாத் இறுதி ஆட்டம் வரை வந்த 2024ஆம் ஆண்டுப் படம். வாட்ஸப்பில் உன் பெயருக்கு மேலே இருந்ததும் அதே படம்தான். இப்போது அங்கே ஒரு பூ இருக்கிறது. பூ நன்றாகத்தான் இருக்கிறது. டெல்லி அவரைப் பத்தே முக்கால் கோடிக்கு எடுத்துவிட்டுப் பெரும்பாலும் வெளியிலேயே உட்கார வைத்ததால் உனக்குக் கிரிக்கெட் மேலேயே வெறுப்பு வந்து படத்தை எடுத்துவிட்டாய் என்று நான் முடிவு செய்துகொண்டிருக்கிறேன். அம்மாவிடமும் அப்படித்தான் சொன்னேன்.

இன்னொன்று. தீபாவளிக்கு விடுப்புக் கிடைக்கவில்லை என்றாய், சரி. முறுக்கும் அதிரசமும் அனுப்புகிறேன் என்றபோது, வீட்டு முகவரிக்கு வேண்டாம், இனிமேல் அலுவலக முகவரிக்கே அனுப்புங்கள் என்று எழுதினாய். நானும் அப்படியே அனுப்பினேன். ஒருவர் முகவரி மாறியிருந்தால் எப்போது மாறியது, ஏன் மாறியது, அத்தாட்சி என்ன என்று கேட்பதே உத்தியோகமாக இருந்தவன் நான். உன்னிடம் கேட்கவில்லை என்பதை நீ கவனித்திருப்பாய். பகலில் வீட்டில் ஆள் இருக்காது, கூரியர்காரன் திரும்பிப் போய்விடுவான் என்பது நியாயமான காரணம்தான். முன்பும் பகலில் ஆள் இருந்ததில்லை.

திரும்பும்போது தாரமங்கலம் வழியாக வந்தோம். இடுப்பு வலியோடு படுத்திருந்த போஸ்ட்மாஸ்டர் மாமாதான், கைலாசநாதர் கோயிலைப் பார்க்காமல் போனால் பாவம் என்று பிடிவாதம் பிடித்தார். சிங்கத்தின் வாய்க்குள் உருளும் கல் பந்தை விரலால் தள்ளிப் பார்த்து, இதைப் போட்டவன்தான் உண்மையான பந்து வீச்சாளன் என்றார் எல்.ஐ.சி. மாமா. அங்கே வாலி, சுக்ரீவன் சண்டை ஒரு தூணிலும் வில்லோடு இராமன் வேறொரு தூணிலுமாகச் செதுக்கியிருக்கிறார்கள். இராமன் பக்கம் நின்று பார்த்தால் வாலி தெரிகிறான். வாலி பக்கம் போய் நின்று பார்த்தால் இராமன் தெரியவில்லை. மற்றவர்கள் இரண்டு பக்கமும் நின்று பார்த்துவிட்டு வியந்துகொண்டே வெளியே போய்விட்டார்கள். நான் மட்டும் வாலி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு எங்கள் வீடும் எங்கள் பொழுதும் இருந்த இடத்திலிருந்தே தெரியும். விடிந்தால் அம்மா என்ன செய்வாள், நான் எத்தனை மணிக்குச் செய்தித்தாள் வாங்கப் போவேன் என்று நீ கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவாய். எங்களுக்கு அங்கே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்தாலும் தெரிவதில்லை. எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் அம்பு மட்டும் வந்து தைக்கிறது. ஐப்பசியில் கும்பகோணத்துத் திருமணத்துக்குப் போயிருந்தோமல்லவா, அங்கே பந்தியில் பக்கத்து இலைக்காரர் உன்னைப் பற்றி என்னிடம் ஒன்று கேட்டார். சாம்பார் மிகவும் நன்றாக இருக்கிறது என்று நான் அவருக்குப் பதில் சொன்னேன். அம்மா மறுகோடியில் உட்கார்ந்திருந்ததால் அவள் காதில் விழவில்லை. வீட்டுக்கு வந்து, மாப்பிள்ளையின் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு சற்று நேரம் பார்த்தேன். அழைத்து, என்னவென்று தொடங்குவது? அவர் நல்லவர், நீயும் நல்லவள். அழைக்கவில்லை.

உன் பதவி உயர்வைப் பற்றி உறையூரில் தெரியாதவர் கிடையாது. நாச்சியார் கோயில் வாசலில் பூக்கட்டும் அம்மாள்கூட, பெண் இப்போது எத்தனை பேருக்கு மேலதிகாரி என்று கேட்கிறார். எண்ணிக்கையை நான் சற்றுக் கூட்டியே சொல்கிறேன். அவ்வளவு பேருக்குப் பதில் சொல்லத் தெரிந்தவளுக்கு, பெற்ற தாய்க்கு வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் பேசத் தெரியவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். மேலதிகாரியானால் என்ன, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். இரவில் தாமதமானால் தெரிந்த வண்டியில் வா. கதவைத் தாழிட்டபின் இழுத்துப் பார். முன்பே எழுதினேனோ? பரவாயில்லை.

கொங்கணாபுரத்துக்கு இப்பாலேயே உனக்கென்று நல்ல கைத்தறித் துண்டுகள் வாங்கினேன். கடைக்காரர் சோடியாக வாங்கினால் விலை குறையும் என்றார், சோடியாகவே வாங்கினேன். இரண்டையும் நீயே வைத்துக்கொண்டாலும் துண்டு வீணாகாது. அலுவலக முகவரிக்குத்தான் அனுப்புகிறேன்.

தை பிறந்ததும் அடுத்த பயணம் என்று மாமாக்கள் முடிவு செய்துவிட்டார்கள். இம்முறை அதே சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டிக்கு. உயரம் தாண்டும் மாரியப்பன் தங்கவேலுவின் ஊர். ஐந்து வயதில் பேருந்து ஏறி வலக்கால் நசுங்கிய பிள்ளை, மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக்கில் ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிசில் வெண்கலம் வாங்கி வந்திருக்கிறது. அங்கே போய்ப் போஸ்ட்மாஸ்டர் மாமா தாண்டிக் காட்டாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவர் வீட்டு அம்மாள் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். நீ வருவதானால் எந்த ரயில் என்று மட்டும் எழுது. நிலையத்துக்கு நான் வந்துவிடுவேன். உன் அறையில் அடுக்கி வைத்திருந்த பழைய நாளிதழ்களை அம்மா எடைக்குப் போட்டுவிட்டாள், கட்டிலில் புது உறை போட்டிருக்கிறாள். அவளுக்கு யார் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் சொல்லவில்லை. எத்தனை நாள் விடுப்பு, எதற்காக விடுப்பு என்றெல்லாம் எழுத வேண்டிய அவசியமில்லை.

ஆம்னியில் உனக்கு ஓர் இடம் வைக்க வேண்டுமா, இரண்டு இடம் வைக்க வேண்டுமா என்று மருந்துக்கடை மாமா கேட்டார். ஒன்றென்றால் ஒன்று, இரண்டென்றால் இரண்டு. எதுவானாலும் ஜன்னலோரம் உனக்குத்தான் என்று சொல்லியிருக்கிறேன். பொங்கலுக்கு முன் தெரிவித்துவிடு; ஆள் கணக்குப் பார்த்துத்தான் பின்சக்கரத்து டயரை மாற்றப் போகிறாராம்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா.